18 வருடம் நானும் சிரித்தேன், இப்போது எப்படி மறுப்பது?

இந்த வாரக் கடிதம் ஈரோட்டிலிருந்து வந்திருக்கிறது. எழுதியவருக்கு 32 வயது. மஞ்சள் மண்டி ஒன்றில் கணக்கு எழுதுகிறார். திருமணமாகி 6 ஆண்டுகள், 4 வயதில் ஒரு மகள். சிறு வயதிலிருந்தே அவருக்குப் பேச்சு திக்கும். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிவிட்டு, அவர் எழுதியதைச் சுருக்கித் தருகிறேன்.

9ஆம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த ஐந்து பேர் இன்றும் ஞாயிறு மாலைகளில் ஒரே டீக்கடையில் கூடுகிறார்கள். அவர்களில் ஒருவரைப் பற்றியதுதான் கடிதம். அவரை 'நண்பர்' என்றே குறிப்பிடுகிறேன். வகுப்பில் எழுந்து பதில் சொல்ல முடியாமல் நம் வாசகர் திணறிய ஒரு நாளில், இந்த நண்பர் அவருக்கு 'தந்தி' என்று பட்டப்பெயர் வைத்தார். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. கல்யாண மண்டப வாசலில் நண்பர்கள் கட்டிய பிளக்ஸ் பேனரில், மாப்பிள்ளையின் பெயருக்குக் கீழே 'தந்தி' என்றும் அச்சடித்திருந்தார்கள். மாமனார் அதென்ன பெயர் என்று கேட்டபோது, "பள்ளிக்கூடத்தில் கூப்பிட்ட பெயர்" என்று சொல்லி நகர்ந்துவிட்டாராம்.

டீக்கடையில் அவருக்குப் பன் சாப்பிடப் பிடிக்கும். ஆனால் அந்தப் 'ப' சுலபத்தில் வராது. அவர் வாயைத் திறக்கும் முன்பே நண்பர் "ப... ப... ப..." என்று தொடங்கிவிடுவார். "அதனால் இத்தனை வருடமாக வடை கேட்டே வாங்கிச் சாப்பிடுகிறேன், மேடம்" என்று எழுதியிருக்கிறார். கடிதத்தில் இந்த வரியைத் தாண்டிப் போக எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இரண்டு மாதங்களுக்கு முன் மகளின் பிறந்த நாள். வீட்டில் வாடகைக்கு எடுத்து வைத்திருந்த மைக்கை நண்பர் வாங்கி, வாசகர் பேசுவதைப் போலவே திக்கித் திக்கி வாழ்த்துச் சொன்னார். உறவினர்கள் சிரித்தார்கள். வழக்கம்போல இவரும் சிரித்தார். மறுநாள் மகள் தன் பொம்மைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே, "சா... சா... சாப்பிடு" என்று சொல்லிவிட்டுத் தானே கைதட்டிச் சிரித்தாள். மனைவி அடுப்படிக்குள் போய் அழுதார். அன்றிலிருந்து "அந்த ஆள் இந்த வீட்டுப் படியேறக் கூடாது" என்கிறார்.

வாசகரோ தவிக்கிறார். இத்தனை வருடம் சிரித்துவிட்டு இப்போது கோபித்துக்கொண்டால் அது நியாயமா? அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மூன்று இரவுகள் விழித்திருந்து பார்த்துக்கொண்டவர் இதே நண்பர்தான். அவரிடம் இதைச் சொன்னால் நன்றி கெட்டவன் ஆகிவிட மாட்டேனா? பேச்சுச் சிகிச்சை எடுத்துக்கொண்டு, சரளமாகப் பேச வந்த பிறகு கேட்டால் என்ன? மகளுக்கும் திக்கல் தொற்றிக்கொள்ளுமா? நீதிமன்றத்தில் வேலை பார்க்கும் மைத்துனர் வழக்கே போடலாம் என்கிறார், போடலாமா? இவைதான் அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரருக்கு,

நான்கு பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் "இது ஒரு பெரிய விஷயமா என்று உங்களுக்குத் தோன்றலாம்" என்று மன்னிப்புக் கேட்பது போல முடித்திருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தான் விரும்பியதை ஒரு கடையில் கேட்டு வாங்க முடியாமல் ஒரு மனிதர் 18 வருடம் இருந்திருக்கிறார் என்றால் அது பெரிய விஷயம்தான்.

நீங்கள் சிரித்ததைப் பற்றி

14 வயதில் வகுப்பே சிரிக்கும்போது, கேலிக்கு ஆளான பையனுக்கு இரண்டே வழிதான் தெரியும். அழலாம், அல்லது கூடச் சேர்ந்து சிரிக்கலாம். அழுதால் கேலி இரண்டு மடங்காகும். சிரித்தால் அன்றைக்குத் தப்பித்துக்கொள்ளலாம். நீங்கள் தப்பித்துக்கொண்டீர்கள். அந்தப் பையன் செய்தது புத்திசாலித்தனமான காரியம். அவன்மேல் கோபப்பட வேண்டாம். ஆனால் 32 வயதிலும் அவனே உங்களுக்காகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

நீங்கள் சிரித்தது சம்மதம் ஆகாது. அதே சமயம், உங்கள் நண்பருக்கு அது சம்மதமாகவே தெரிந்திருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 18 வருடத்தில் ஒரு தடவைகூட நீங்கள் முகம் சுளிக்கவில்லை. 'தந்தி' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தீர்கள். "அவனுக்குத் தெரியாமலா இருக்கும்?" என்று உங்கள் மனைவி கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் தெரியாமலே இருக்கலாம் என்றுதான் நான் நினைக்கிறேன். மனம் நொந்தவர் அதை மறைப்பதில் தேர்ந்துவிட்டால், பக்கத்தில் இருப்பவருக்கு எதுவும் தெரிவதில்லை. இப்படிச் சொல்வதால் நான் அவருக்குப் பரிந்து பேசுவதாக நினைக்க வேண்டாம். அவருக்கு இன்னும் ஒரு முறைகூடச் சொல்லப்படவில்லை. அதனால் அவர் எப்படிப்பட்டவர் என்பது உங்களுக்கே இன்னும் தெரியாது.

நண்பர்களுக்குள் கேலி கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். கேலி இல்லாத நட்பு சப்பென்று இருக்கும். திக்கல் உள்ளவர்கள் தங்களுக்குள் திக்கலைப் பற்றியே விழுந்து விழுந்து சிரித்துப் பேசுவதையும் பார்த்திருக்கிறேன். எந்தக் கேலியிலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: போதும் என்றால் அது நிற்குமா? நிற்கும் என்றால் அது விளையாட்டு. உங்கள் விஷயத்தில் அந்தப் 'போதும்' இன்னும் உங்கள் வாயிலிருந்து வரவில்லை. இத்தனை வருடம் கழித்துச் சொன்னாலும் அது செல்லும்.

அந்த மூன்று இரவுகள்

உங்கள் கடிதத்தில் அதிகம் எழுதியிருப்பது இதைப் பற்றித்தான். ஐ.சி.யூ. வாசலில் செய்தித்தாளை விரித்து நண்பர் படுத்திருந்தது, விடியற்காலையில் பிளாஸ்கில் காபி வாங்கி வந்தது, டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டியதையெல்லாம் அவரே கேட்டுச் சொன்னது. "எனக்காகப் பேசியவன் மேடம் அவன்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

அவர் செய்த உதவி உண்மையானது. அதை மறக்கச் சொல்லும் ஆலோசனையை யார் கொடுத்தாலும் கேட்காதீர்கள். ஆனால் நீங்கள் செய்திருப்பது வேறு. அந்த உதவியைக் கடனாக எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேலியைப் பொறுத்துக்கொண்டு அதற்கு வட்டி கட்டி வருகிறீர்கள். நீங்கள் கணக்கு எழுதுபவர், உங்களுக்கு எளிதாகப் புரியும்: இந்த இரண்டையும் ஒரே பேரேட்டில் ஏற்றக் கூடாது. அவர் அப்படி ஒரு கணக்கைக் கேட்கவில்லை. "உன் அப்பாவைப் பார்த்துக்கொண்டேன், அதனால் உன்னைக் கேலி செய்வேன்" என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை. அந்த வரவுசெலவை நீங்களாகவே எழுதியிருக்கிறீர்கள்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். அப்பாவுக்காக மூன்று இரவு விழித்திருந்த மனிதர், தன் விளையாட்டால் உங்களுக்கு இத்தனை வருடமாக வலிக்கிறது என்று தெரிந்தால் வருந்த மாட்டாரா? அவரிடம் சொல்லாமல் மறைப்பதன் மூலம், 'இவன் தாங்க மாட்டான், இவனிடம் உண்மையைச் சொல்ல முடியாது' என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். அது அவருக்கும் நியாயமில்லை.

திக்கல் போன பிறகு பேசலாம் என்பது

இதில் உங்களிடம் நான் கண்டிப்பாகவே மறுக்க வேண்டும். சரளமாகப் பேசுகிறவருக்குத்தான் கேட்கும் உரிமை உண்டு என்று நினைக்கிறீர்கள். நண்பரும் அதே எண்ணத்தில்தான் கேலி செய்கிறார். கேலி செய்யப்படுகிறவரும் அதை நம்பிவிட்டால் பிறகு யார் மறுப்பது?

திக்கல் என்பது கோழைத்தனமோ நரம்புத் தளர்ச்சியோ அல்ல. பேசும்போது மூளை, நாக்கு, உதடு, மூச்சு ஆகியவை கண நேரத்தில் ஒத்திசைய வேண்டும். அந்த ஒத்திசைவில் பிறவியிலேயே அமைந்த ஒரு வேறுபாடு இது. பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தொடங்கும். பரம்பரைக்கு இதில் பெரிய பங்கு உண்டு. வளர்ந்தவர்களில் ஏறக்குறைய 100 பேருக்கு ஒருவருக்கு இது நீடிக்கிறது. பெண்களைவிட ஆண்களுக்குச் சுமார் 4 மடங்கு அதிகம். பயமும் பதற்றமும் திக்கலைக் கூட்டும், ஆனால் அவை திக்கலை உண்டாக்குவதில்லை. "செந்தமிழும் நாப்பழக்கம்" என்று சொல்லிச் சொல்லியே உங்கள் பெரியப்பா உங்களைச் சத்தமாகப் படிக்க வைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பார். ஆனால் பழக்கக் குறைவால் வந்த ஒன்று அல்ல இது. பாட்டி நாக்கில் வசம்பு தடவியதும் அப்படித்தான்.

"கோயிலில் பஜனை பாடும்போது திக்கவில்லையே, அப்படியானால் மற்ற நேரத்தில் நடிப்புத்தானே" என்று நண்பர் சொல்வாராம். நடிப்பு இல்லை. பாடும்போதும், பலரோடு சேர்ந்து ஒரே குரலில் சொல்லும்போதும், தனியாக இருக்கும்போதும் திக்கல் பெருமளவு மறைவது உலகெங்கும் காணப்படும் ஒன்று. சொந்தப் பெயரைச் சொல்லும்போது அதிகம் திக்குவதும் அதே போலத்தான். பன்னுக்குப் பதிலாக வடை என்று மாற்றிக்கொள்ளலாம். பெயருக்குப் பதிலாக எதை மாற்றிச் சொல்வது?

சிகிச்சைக்குத் தாராளமாகப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் பேச்சுப் பயிற்சியாளரைப் பற்றி விசாரியுங்கள். திம்பம் மலையைத் தாண்டிச் சாம்ராஜ்நகர் வழியாகப் போனால் மைசூரில் 1965இல் தொடங்கிய மத்திய அரசின் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் இருக்கிறது. இந்த வயதில் பயிற்சியின் நோக்கம் திக்கலை அடியோடு அழிப்பதாக இருக்காது. முகமும் கழுத்தும் இறுகாமல் திக்கவும், திக்கினாலும் நினைத்ததைச் சொல்லி முடிக்கவும் பழக்குவார்கள். நண்பரிடம் பேசுவதை அதுவரை ஒத்திப்போட வேண்டியதில்லை.

எப்படிச் சொல்வது

உங்கள் முன் இருக்கும் வழிகள் சில. முதலாவது, பதிலுக்குப் பதில் கேலி. நண்பரின் மணவிலக்கைப் பற்றி ஒரு வார்த்தை போதும், அவர் வாயடைத்துப் போவார் என்று எழுதியிருக்கிறீர்கள். செய்துவிடாதீர்கள். காயம் எப்படி இருக்கும் என்று தெரிந்த நீங்களே அதைச் செய்தால் பிறகு உங்களால் தூங்க முடியாது. இரண்டாவது, சொல்லாமல் கொள்ளாமல் டீக்கடைக்குப் போவதை நிறுத்துவது. மற்ற மூன்று நண்பர்களையும் அதோடு இழப்பீர்கள், ஏன் என்று யாருக்கும் தெரியாது. மூன்றாவது, மனைவியோ மற்ற நண்பர்களில் ஒருவரோ உங்களுக்காகப் பேசுவது. இது நடந்தால் கேலி நிற்கலாம். ஆனால் "அவன் பொண்டாட்டி வந்து கேட்டாள்" என்று அடுத்த பட்டப்பெயருக்கு வழி பிறக்கும்.

நீங்களே, தனியாக, நேரில் சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. டீக்கடை வேண்டாம். அங்கே அவருக்கு மேடை பழகிவிட்டது. நான்கு பேர் முன்னால் கேட்டால் அவர் வெட்கத்தை மறைக்க இன்னொரு முறை நடித்துக் காட்டுவார். பைக்கில் இரண்டு பேரும் போகிற ஒரு வேலை, அல்லது காவிரிக் கரையில் கொஞ்ச நேரம், அது போதும். வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எழுத்தில் உங்களுக்குத் திக்காது என்பது வசதிதான். ஆனால் அந்தச் செய்தியைப் படம் எடுத்துக் குழுவில் போட ஒரு நிமிடம் போதும். "உன்னிடம் தனியாக ஒன்று பேச வேண்டும்" என்பதை மட்டும் எழுத்தில் அனுப்புங்கள்.

சொல்ல வேண்டியது நான்கைந்து வரிதான். உங்கள் மொழியில் மாற்றிக்கொள்ளுங்கள்:

"மாப்பிள்ளை, எனக்குத் திக்கும். நான் முடிக்கும்வரை குறுக்கே பேசாதே. நான் திக்குவதை நீ நடித்துக் காட்டுவது எனக்கு வலிக்கிறது. இத்தனை வருடம் சிரித்தேன், ஆனால் பிடித்துச் சிரிக்கவில்லை. இனிமேல் செய்யாதே. 'தந்தி' என்றும் கூப்பிடாதே. என் மகள் முன்னால் அறவே வேண்டாம்."

கவனியுங்கள், இதில் 'நீ கெட்டவன்' என்று ஒரு சொல்லும் இல்லை. பழைய நிகழ்ச்சிகளின் பட்டியலும் இல்லை. பட்டியல் போட்டால் அவர் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொல்லத் தொடங்குவார், பேச்சு அங்கே போய்விடும். திக்கினால் திக்கட்டும். 'வலிக்கிறது' என்பதிலேயே உங்கள் நாக்கு நின்றுவிட்டால், அந்தச் சொல்லை மாற்றாதீர்கள். அது வரும்வரை அவர் காத்திருக்கட்டும். ஆஸ்பத்திரியில் உங்களுக்காகப் பேசியவர் இந்த ஒரு முறை கேட்கலாம்.

அவர் வாயடைத்து, கண் கலங்கி, மன்னிப்புக் கேட்கலாம். அப்போது "பரவாயில்லை, விடு" என்று ஓடிப்போய்ச் சமாதானப்படுத்தத் தோன்றும். அந்த வார்த்தைதான் 18 வருடமாக உங்களைச் சிக்க வைத்தது. "சொன்னதைக் கேட்டாயே, அது போதும்" என்று நிறுத்திக்கொள்ளுங்கள். அல்லது, "இதற்குப் போயா? நீயும்தானே சிரித்தாய்" என்று கேட்கலாம். இது வரும் என்று எதிர்பார்த்தே போங்கள். "ஆமாம், சிரித்தேன். இனி சிரிக்க மாட்டேன்" என்பதைத் தாண்டி எதையும் விளக்க வேண்டாம்.

சொன்ன பிறகும் அடுத்த ஞாயிறு டீக்கடையில் அதே பழக்கம் தொடர்ந்தால் ஒரே ஒரு தடவை, நாக்குப் பழக்கத்தில் வந்திருக்கும் என்று விட்டுவிடலாம். "வேண்டாம் என்றேனே" என்று மட்டும் சொல்லுங்கள். வேண்டுமென்றே மறுபடியும் செய்தால், டீ பாதியில் இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். அப்போது உங்கள் மனைவி சொல்வதுதான் சரி, அவர் வீட்டுக்குள் வரக் கூடாது. அவர் வீட்டில் ஒரு துக்கம் என்றால் முதல் ஆளாக நீங்கள் போய் நிற்கலாம். அப்பாவுக்காக அவர் விழித்திருந்ததற்கு உங்கள் பதில் அங்கே இருக்கட்டும்.

வழக்கு

மைத்துனர் குறிப்பிடும் சட்டம் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் என்று நினைக்கிறேன். மாற்றுத்திறனாளி ஒருவரை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு, பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் வேண்டுமென்றே அவமதிப்பது அதன் 92ஆம் பிரிவின்படி குற்றம். 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனையும் அபராதமும் உண்டு. ஆனால் பேச்சுக் குறைபாட்டை விளக்கும் இடத்தில் அந்தச் சட்டம் குரல்வளை அகற்றப்பட்டது, மூளைப் பாதிப்பால் மொழி இழந்தது போன்ற நிலைகளைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. திக்கலைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. இழிவுபடுத்தும் நோக்கம் இருந்தது என்பதையும் காட்டியாக வேண்டும். உங்கள் வீட்டுக்குள் நடந்த விருந்து பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடமா என்பதே கேள்விதான். வேண்டாம் என்று நீங்கள் ஒரு முறைகூடச் சொல்லியிராத நண்பர்மேல் புகார் கொடுக்கப் போலீஸ் நிலையம் போவது இப்போதைக்கு முறையல்ல. வேலை செய்யும் இடத்தில் முதலாளியோ மேலாளரோ இப்படிச் செய்தால் அது வேறு கதை, அப்போது வழக்கறிஞரைப் பாருங்கள்.

மகள்

திக்கல் தொற்றுநோய் அல்ல. கேட்பதாலோ, நடித்துப் பார்ப்பதாலோ எந்தக் குழந்தைக்கும் வராது. அப்பாவுக்கு இருப்பதால் மற்றக் குழந்தைகளைவிட அவளுக்கு வாய்ப்பு சற்று அதிகம் என்பது உண்மை. ஆனால் அது பரம்பரை வழியில் வருவது, மைக் வழியாக வருவதில்லை. இந்த வயதில் திக்கல் தொடங்கினாலும் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தானாகவே சரியாகிவிடும், பெண் குழந்தைகளுக்கு இன்னும் அதிகமாக. அவள் பொம்மையோடு விளையாடாத நேரத்திலும் திக்கி, அது 6 மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, பேசும்போது முகத்தை இறுக்கினாலோ, கண்ணை மூடித் திணறினாலோ பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள்.

அவள் உங்களைக் கேலி செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உங்கள் பேச்சை அவள் பிறந்ததிலிருந்து கேட்கிறாள். அப்பா பேசுவது இப்படித்தான் என்று அவளுக்குத் தெரியும், அதில் அவளுக்கு வேடிக்கை எதுவும் இருந்ததில்லை. பொம்மைக்குச் சோறு ஊட்டும்போது அவள் அப்பாவாக இருந்தாள். பிறந்த நாளன்று அவள் புதிதாகக் கற்றுக்கொண்டது ஒன்றைத்தான்: அப்பா இப்படிப் பேசினால் எல்லோரும் சிரிக்க வேண்டும், அப்பாவும் சிரிப்பார். அந்தக் கைதட்டல் அங்கே படித்தது. திட்ட வேண்டாம். "அப்பாவுக்குச் சில வார்த்தை வெளியே வரக் கொஞ்ச நேரம் ஆகும், நீ காத்திருப்பாயா?" என்று கேட்டால் போதும். 4 வயதுக் குழந்தைக்கு அது புரியும்.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. கல்யாணமாகி 6 வருடத்தில் திக்கலைப் பற்றி மனைவியிடம் ஒரு தடவைகூடப் பேசியதில்லை என்று கடிதத்தின் ஓரத்தில், பென்சிலால் எழுதியிருக்கிறீர்கள். நண்பரிடம் போவதற்கு முன் அந்தப் பேச்சு நடக்கட்டும். இன்று இரவு குழந்தை தூங்கிய பிறகு, மேலே எழுதியிருக்கும் வரிகளை அவரிடம் சொல்லிப் பாருங்கள். "எனக்குத் திக்கும்" என்ற முதல் வரியே வருவதற்கு நேரமாகலாம். அவர் உட்கார்ந்திருப்பார்.